ஆரஞ்சு ஆற்றில் முதல் துடுப்பு: தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக இங்கே வந்திருக்கிறீர்களா? அல்லது டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பிறந்து வளர்ந்தும் கடலைத் தவிர வேறு தண்ணீரில் இறங்கியதில்லையா? சின்னச் சின்ன நுரையோட்டம் உள்ள ஆற்றில் படகு விட்டுப் பழக ஆசை இருந்தால் நான் சொல்லும் இடம் ஒன்றுதான். கேப் டவுனுக்கு வடக்கே, நமீபிய எல்லையில் ஓடும் ஆரஞ்சு ஆறு. நான்கு நாள் படகு, இரவில் மணல்கரையில் தூக்கம், வழியில் கடை இல்லை, போன் சிக்னலும் இல்லை. துடுப்பு பிடித்தே பழக்கமில்லாதவர்கள்தான் அங்கே அதிகம் வருகிறார்கள்.

ஆறு சுலபம். அதற்கு முன்னால் உள்ள காகித வேலைதான் கஷ்டம், அதுவும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு. அந்த ஆறே இரண்டு நாடுகளுக்கு எல்லை என்பதால் வரும் சிக்கல் இது. எங்கள் வீட்டில் இதனால் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. சரியான பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

ஆற்றோட்டங்களை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 1 என்றால் லேசான சலசலப்பு, 2 என்றால் வழி தெளிவாகத் தெரியும் சின்ன அலைகள், 3 என்றால் படகைத் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். 4இலும் அதற்கு மேலும் நமக்கு வேலை இல்லை.

ஆரஞ்சு ஆற்றில் நீங்கள் கேட்க வேண்டியது வியோல்ஸ்டிரிஃப் பாலத்திலிருந்து கீழே, ரிக்டர்ஸ்ஃபெல்ட் மலைகளை ஒட்டிப் போகும் பகுதி. பெரும்பாலும் அமைதியான நீர், இடையிடையே 1, 2 தர ஓட்டங்கள். ஷாம்போக் என்ற ஓர் ஓட்டம் மட்டும் கொஞ்சம் உதறும். முன்பதிவு செய்யும்போது “ஆரஞ்சு ஆறு” என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே ஆற்றில் மேலே ஒன்சீப்கான்ஸ் பக்கம் உள்ள பள்ளத்தாக்கு கடினமானது, அதற்கும் ஆள் சேர்க்கிறார்கள். ஆற்றின் பெயரோடு, படகை ஆற்றில் இறக்கும் ஊரையும் முடிவில் கரையேறும் ஊரையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஜொகன்னஸ்பர்க்கில் இருப்பவர்கள் முதலில் வால் ஆற்றில் அரை நாள் போய்ப் பார்க்கலாம். ஃப்ரீ ஸ்டேட் எல்லையில் உள்ள பாரிஸ் என்ற சிற்றூர், காரில் ஒன்றரை மணி நேரம். உங்களுக்கும் கூட வருபவர்களுக்கும் தண்ணீர் ஒத்துவருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். கோடையில் காலை நேரமாகப் போங்கள், பிற்பகலில் இடி மின்னல் வரும். குளிர்காலத்தில் தண்ணீர் குறைந்து படகு பாறையில் உரசும். வால் ஆற்றில் மேலே உள்ள ஊர்களின் கழிவுநீர் கலப்பது பல வருடப் பிரச்சினை. அந்த வாரம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். வாயில் தண்ணீர் போகாமல் பாருங்கள், காலில் புண் இருந்தால் தள்ளிப் போடுங்கள்.

டர்பன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்திலேயே உம்சுண்டூசியும் உம்கேனியும் இருக்க ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். டூசி படகுப் போட்டி நடக்கும் ஆறுகள்தான் அவை. ஆனால் அந்தப் பக்கத்து ஆறுகளில் பில்ஹார்சியா (தண்ணீரில் உள்ள ஒட்டுண்ணிப் புழுவால் வரும் நோய்) உண்டு, கழிவுநீரும் சேர்கிறது. போட்டிக்குப் போய் வயிறு கெட்டு வருபவர்களின் நிலைக்கு அங்கே தனிப் பெயரே இருக்கிறது. நீந்தி விழுந்து கற்றுக்கொள்ள வேண்டிய ஆளுக்கு அது நல்ல தொடக்கம் இல்லை.

2. எந்தக் கரை என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

படகுக் கம்பெனிகளின் முகாம்கள் சில தென்னாப்பிரிக்கக் கரையில் வியோல்ஸ்டிரிஃப் பக்கம் இருக்கின்றன, சில ஆற்றைத் தாண்டி நமீபியாவில் நூர்டூவர் பக்கம் இருக்கின்றன. விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நமீபியப் பக்கத்து முகாம் என்றால் நீங்கள் முறையாக நாட்டை விட்டு வெளியேறி, இன்னொரு நாட்டுக்குள் நுழைகிறீர்கள். தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு என்றால் விசா தேவையில்லை, பாலத்தில் முத்திரை குத்திக்கொண்டு போகலாம். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் நமீபியாவுக்குத் தனி விசா வேண்டும். தென்னாப்பிரிக்க விசா அங்கே செல்லாது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் திரும்பி வருவதில் இருக்கிறது. உங்கள் விசா ஒற்றை நுழைவு என்றால், பாலத்தைத் தாண்டிய நிமிடமே அந்த விசா முடிந்தது. நான்கு நாள் கழித்துத் திரும்பி உள்ளே வர வழியில்லை. வேலை விசா வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பலமுறை நுழைவு இருக்கும். ஊரிலிருந்து பார்க்க வரும் அப்பா அம்மா, தம்பி தங்கைக்குத்தான் ஒற்றை நுழைவு வந்து நிற்கும். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. நாங்கள் பணம் கட்டிய கம்பெனி அனுப்பிய கடிதத்தில் ஊர் பெயர் இருந்தது, வரைபடம் இருந்தது, எந்த நாடு என்று மட்டும் இல்லை. ஸ்பிரிங்போக்கில் பெட்ரோல் போடும்போது வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் முகாம் பாலத்துக்கு அந்தப்பக்கம் என்று தெரிந்தது. மதுரையிலிருந்து வந்திருந்த என் தம்பியின் விசா ஒற்றை நுழைவு. கட்டிய பணம் திரும்பவில்லை. இந்தக் கரையில் இருந்த வேறு முகாமில் கெஞ்சி இடம் வாங்கி, இரண்டு நாள் காத்திருந்து போனோம்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். முகாம் எந்தக் கரையில் இருக்கிறது? படகுப் பயணம் முடிந்து எந்தக் கரையில் ஏறுகிறோம்? அங்கிருந்து வண்டி எந்த நாட்டுச் சாலை வழியாக நம்மைத் திருப்பிக் கொண்டுவருகிறது?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆற்றை ஒட்டி ஆசன்கேர் பக்கம் போகும் நல்ல சாலை நமீபியக் கரையில்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்கக் கரையில் மலை. அதனால் இந்தப் பக்கம் கிளம்பினாலும் திரும்பும் வண்டி அந்தப் பக்கமாக வர வாய்ப்பு உண்டு. ஒற்றை நுழைவு விசாவோடு யாராவது கூட இருந்தால், கிளம்புவது, ஏறுவது, திரும்புவது மூன்றும் தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே உள்ள பயணத்தை மட்டும் எடுங்கள்.

3. காகிதங்கள்

கடவுச்சீட்டு எல்லோரும் கொண்டுபோக வேண்டும், இந்தக் கரையிலேயே இருந்தாலும். எல்லைப் பகுதி, எப்போது வேண்டுமானாலும் கேட்பார்கள். பாலத்தைத் தாண்டுவதாக இருந்தால் ஆறு மாதத்துக்குக் குறையாத செல்லுபடியும் சில வெற்றுப் பக்கங்களும் இருக்கட்டும்.

விசா ஸ்டிக்கரை எடுத்து நுழைவு எத்தனை, கடைசித் தேதி என்ன என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்து ரசீதை மட்டும் கையில் வைத்திருக்கும் காலத்தில் எல்லை தாண்டாதீர்கள். தேதி கடந்த விசாவோடு வெளியேறினால், தாமதம் 30 நாளுக்குள் என்றால் ஓராண்டு, அதற்கு மேல் என்றால் ஐந்தாண்டு உள்ளே வரத் தடை போடச் சட்டம் இருக்கிறது. ஒரு படகுப் பயணத்துக்காக வேலையையே பணயம் வைக்க வேண்டாம்.

குழந்தைகள் இருந்தால் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அப்பா அம்மாவில் ஒருவர் மட்டும் கூட்டிப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும், அவருடைய கடவுச்சீட்டு நகலும் சேர்த்து வையுங்கள். அந்தச் சம்மதத்தைச் சத்தியக் கடிதமாக (அஃபிடவிட்) எழுதிக் கையெழுத்துப் போடவும் நகல்களுக்கு முத்திரை வாங்கவும் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் போதும், காசு கிடையாது. மாதக் கடைசியில் வரிசை நீளும், முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

கார் கொண்டு எல்லை தாண்டினால் வண்டிப் பதிவு நகல் வேண்டும். கடன் இன்னும் முடியாத வண்டி என்றால் வங்கியின் அனுமதிக் கடிதம், வாடகை வண்டி என்றால் அந்தக் கம்பெனியின் அனுமதிக் கடிதம் வேண்டும். இவை ஒரே நாளில் வராது. வண்டியின் பின்னால் நாட்டுக் குறியீட்டு ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டும். நமீபியாவுக்குள் நுழையும்போது வெளிநாட்டு வண்டிக்குச் சாலைக் கட்டணம் வாங்குவார்கள், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக, கம்பெனி தரும் பொறுப்புத் துறப்புப் படிவம். எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் காகிதம் இது. நோய் பற்றிய இடத்தில் மறைக்காமல் எழுதுங்கள். சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு, சமீபத்திய அறுவைச் சிகிச்சை எதுவானாலும் வழிகாட்டிக்குத் தெரிய வேண்டும். பெரிய மருத்துவமனை வசதி என்றால் ஸ்பிரிங்போக்தான், வியோல்ஸ்டிரிஃபிலிருந்து சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல். மருத்துவக் காப்பீட்டு எண்ணைப் படிவத்தில் எழுதி, அது நமீபியக் கரையிலும் செல்லுமா என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள்.

4. எப்போது போவது

மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை, அப்புறம் செப்டம்பர். இந்த இரண்டு காலமும் நல்லவை. டிசம்பர், ஜனவரியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அங்கே நிழலும் அதிகம் இல்லை. ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், ஆனால் திறந்த வெளியில் படுக்கும் இரவுகள் நடுக்கும்.

நம்மவர்களுக்கு இதில் இரண்டு இடைஞ்சல். ஈஸ்டர் வாரம்தான் ஆற்றில் கூட்டம் அதிகம், அதே வாரம்தான் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா. நேர்த்திக்கடன் இருப்பவர்கள் மே மாதத்துக்குத் தள்ளுங்கள், இடமும் சுலபமாகக் கிடைக்கும். செப்டம்பர் கடைசிப் பள்ளி விடுமுறை புரட்டாசியில் வருகிறது. போகக் கூடாது என்று இல்லை, சாப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

பள்ளி விடுமுறைக்கு என்றால் நான்கைந்து மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். நமீபிய விசா எடுப்பவர்கள், விசா கைக்கு வந்த பிறகே முழுப் பணம் கட்டுவது நல்லது. முன்பணம் மட்டும் வாங்கிக்கொள்ளும் கம்பெனியாகப் பார்த்துப் பிடியுங்கள்.

தண்ணீர் அளவையும் பாருங்கள். இந்த ஆற்றின் நீர் அந்தப் பாலைவன மழையில் வருவதில்லை. லெசோதோ மலையிலும் வால் ஆற்றுப் பக்கமும் பெய்த மழை, பெரிய அணைகளில் தேங்கித் திறந்துவிடப்பட்டு, நாள்கணக்கில் ஓடி இங்கே வருகிறது. அதனால் வானம் சுத்தமாக இருக்கும்போதே ஆறு ஏறும். வியோல்ஸ்டிரிஃபில் நீரளவு நிலையம் இருக்கிறது, நீர்வளத் துறை அளவுகளை இணையத்தில் வெளியிடுகிறது. கம்பெனிக்காரர்கள் “இத்தனை க்யூமெக்” என்பார்கள், நொடிக்கு இத்தனை கன மீட்டர் என்று பொருள். எண் உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. வெள்ளத்தால் பயணம் நின்றால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதை மட்டும் எழுத்தில் வாங்குங்கள்.

5. செலவு

நான்கு நாள் பயணத்துக்கு ஒருவருக்கு நாலாயிரம் முதல் ஆறாயிரம் ராண்டு வரை ஒதுக்கி வையுங்கள். படகு, துடுப்பு, உயிர்காப்புச் சட்டை, வழிகாட்டி, ஆற்றில் இருக்கும் நாள்களின் சாப்பாடு இதில் அடங்கும். பொதுவாக அடங்காதவை: முதல் நாள், கடைசி நாள் இரவில் முகாமில் தங்கும் கட்டணம், அந்த இரவுச் சாப்பாடு, தூக்கப் பை வாடகை, குடிபானம், வழிகாட்டிக்கு அன்பளிப்பு. இவற்றைத் தனித்தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

பயணச் செலவு அதற்கு இணையாக வரும். கேப் டவுனிலிருந்து என்-7 சாலையில் ஏறக்குறைய 680 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். போய்வர 1,400 கிலோமீட்டர் என்று வைத்து, நூறுக்கு எட்டு லிட்டர் குடிக்கும் வண்டி என்றால் 112 லிட்டர். பெட்ரோல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும், ஏறப்போகிறது என்று செய்தி வந்தால் செவ்வாயே டேங்கை நிரப்புங்கள். ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து சாலைவழி 1,200 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்தும் டர்பனிலிருந்தும் வருபவர்கள் கேப் டவுனுக்கு விமானத்தில் வந்து, நான்கு பேராகச் சேர்ந்து ஒரு வாடகைக் கார் எடுப்பது நல்லது.

நமீபியாவில் ராண்டு அப்படியே செல்லும், ஒன்றுக்கு ஒன்று. ஆனால் சில்லறையாக நமீபிய டாலர் தருவார்கள், அது தென்னாப்பிரிக்கக் கடையில் செல்லாது. அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

6. சாப்பாடு

இரவு என்றாலே கரையில் நெருப்பு மூட்டிப் பிராய், அதாவது இறைச்சி சுடுவது. சைவம் என்று பதிவிலேயே சொல்ல வேண்டும். சொல்லும்போது “முட்டை, மீன் கிடையாது, இறைச்சி சுட்ட கம்பியில் எங்களுக்குச் சுட வேண்டாம்” என்று விரித்துச் சொல்லுங்கள். வெறும் “சைவம்” என்றால் ரொட்டியும் சாலடும்தான் வரும். முதல் நாளுக்குப் புளியோதரை தாங்கும். மற்ற நாள்களுக்கு இட்லிப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், வறுத்த கடலை. பருப்புப்பொடி ஒரு டப்பா இருந்தால் அவர்கள் வடிக்கும் சோற்றை வைத்தே சமாளிக்கலாம்.

7. என்ன எடுத்துப் போவது, எதை வீட்டில் வைப்பது

படகுக்கு இரண்டு பேர். குரோக் என்று சொல்லும் காற்றடைத்த படகோ, கெட்டியான கனூவோ கொடுப்பார்கள். முதல் தடவைக்குக் குரோக் கேளுங்கள், பாறையில் மோதினாலும் துள்ளிக்கொண்டு போய்விடும். உங்கள் சாமான் முழுதும் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிகளுக்குள் அடங்க வேண்டும். சூட்கேஸ் காரிலேயே இருக்கட்டும். மூடி சரியாக உட்காராத வாளியில் தண்ணீர் ஏறும், கிளம்பும் முன் விளிம்பிலுள்ள மணலைத் துடைத்து, ஏறி நின்று அழுத்தி மூடுங்கள். போர்வையையும் மாற்றுடையையும் குப்பைப் பையில் சுற்றி உள்ளே வைத்தால் இன்னும் நல்லது.

முழுக்கைச் சட்டை, கயிறு கட்டிய தொப்பி, பின்னால் பட்டை உள்ள செருப்பு அல்லது பழைய கேன்வாஸ் ஷூ. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் நாள் முழுதும் காயாது. மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு. தலைவிளக்கு. இன்சுலின் போடுபவர்கள் அதைக் குளிர்பெட்டியில், பனிக்கட்டியில் நேராகப் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு படகில் வைத்தால் ஒன்று போனாலும் ஒன்று இருக்கும்.

தங்கம் வேண்டாம். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரமும் மெட்டியும் நழுவும், ஆற்று மணலில் தேடிக் கிடைக்காது. தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் மஞ்சள் கயிற்றில் கோத்து, சட்டைக்குள் விட்டு, அதன்மேல் உயிர்காப்புச் சட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள். நீளச் சங்கிலி வெளியே தொங்கினால் பட்டைக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும், அது ஆபத்து.

8. தண்ணீரில்

நீச்சல் தெரியாவிட்டாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் முகத்தில் தண்ணீர் பட்டாலே பதறுபவர் என்றால் முதலில் நீச்சல் குளத்தில் சில வாரம் பழகுங்கள். உயிர்காப்புச் சட்டையைப் போட்டதும் இன்னொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் தளர்வு, பட்டையை இறுக்குங்கள்.

பின்னால் இருப்பவர்தான் திசை பார்ப்பவர், முன்னால் இருப்பவர் வேகம் கொடுப்பவர். கணவன் மனைவி ஒரே படகில் என்றால் இதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஓட்டத்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். V வடிவத்தில், கூர்முனை கீழ்நோக்கிப் போகும் வழவழப்பான நீர்தான் வழி. கூர்முனை உங்களைப் பார்த்து இருந்தால் அங்கே பாறை இருக்கிறது. படகை நேராக வைத்து, நுரைக்குள் போன பிறகும் துடுப்பை நிறுத்தாமல் போடுங்கள். பயத்தில் துடுப்பைத் தூக்கிவிட்டு உட்காரும்போதுதான் படகு குறுக்கே திரும்பும்.

குறுக்கே திரும்பிப் பாறையில் சாய்ந்துவிட்டால், உடம்பு பாறையை விட்டு விலகத்தான் பார்க்கும். அப்படி விலகினால் ஓட்டம் வரும் பக்கம் படகு தாழ்ந்து தண்ணீர் ஏறிக் கவிழும். பாறைப் பக்கமே சாயுங்கள், கட்டிப்பிடித்தாலும் சரி.

விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய, பாதம் ஓட்டம் போகும் திசையைப் பார்க்க மிதந்து போங்கள். ஓடும் நீரில் எழுந்து நிற்கக் கூடாது, முழங்கால் ஆழமே ஆனாலும். கல்லிடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் உங்களைக் குப்புறத் தள்ளிவிடும். தண்ணீர் நிரம்பிய படகுக்கு ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் இருக்காதீர்கள், பாறைக்கும் அதற்கும் நடுவே மாட்டிக்கொள்ளலாம். நாணலும் முள்மரக் கிளையும் தண்ணீரில் சாய்ந்திருக்கும் கரையிலிருந்து விலகியே போங்கள். இந்த ஆற்றில் நுரையைவிட அந்தக் கிளைகளுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

பிற்பகலில் எதிர்க்காற்று எழும். அது பலத்துவிட்டால் துடுப்புப் போட்டும் படகு நகராது. வழிகாட்டி விடியும் முன்பே எழுப்பினால் முனகாமல் எழுந்திருங்கள். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். கழிப்பறை என்பது ஒரு மண்வெட்டி. தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய் ஆழமாகத் தோண்டி மூடுங்கள். ஆற்றில் சோப்பு போடாதீர்கள், கீழே இருப்பவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

9. திரும்பும்போது

கடைசி நாள் மதியம் ஏறி, வண்டியில் முகாம் வந்துசேர மாலை ஆகிவிடும். அன்றைக்கே கேப் டவுனுக்கு ஓட்டிப் போகாதீர்கள். தோள் வலியும் தூக்கமும் சேர்ந்திருக்கும், இருட்டில் என்-7இல் விலங்குகள் குறுக்கே வரும். முகாமிலோ ஸ்பிரிங்போக்கிலோ படுத்து எழுந்து போங்கள்.

பாலம் 24 மணி நேரமும் திறந்திருக்கும். நான்கு இடத்தில் நிற்க வேண்டும்: போகும்போது தென்னாப்பிரிக்கா வெளியே, நமீபியா உள்ளே, வரும்போது நமீபியா வெளியே, தென்னாப்பிரிக்கா உள்ளே. நான்கிலும் முத்திரை விழுந்ததா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். நமீபியா உள்ளே விடும்போது எந்தத் தேதிவரை இருக்கலாம் என்று முத்திரையில் குறிப்பார்கள், அது நீங்கள் திரும்பும் நாளைத் தாண்டி இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்க முத்திரையில் உள்ள தேதியை விசா ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். மாறி இருந்தால் அந்த அதிகாரியிடமே, அங்கேயே கேட்டுத் திருத்தி வாங்குங்கள். ஸ்பிரிங்போக் போன பிறகு கவனித்தால், திரும்பவும் அதே பாலத்துக்குத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும்.